இறங்கியதும் இரண்டு எட்டு

அழகருக்கு நின்ற பஸ்ஸிலிருந்து இறங்கத் தெரியாது. சிரிக்க வேண்டாம், உண்மைதான். கொட்டாஞ்சேனையில் புறப்பட்டு வெள்ளவத்தையைத் தாண்டி தெஹிவளையில் திரும்பும் தனியார் பஸ் ஒன்றில் இருபத்தாறு வருடமாக அவர் கொண்டக்டர். ஓடுகிற பஸ்ஸிலிருந்து கண்ணைக் கட்டிவிட்டாலும் இறங்குவார். நின்றுபோன வண்டி என்றால்தான் கால் சொன்னபடி கேட்காது. ஒருமுறை குடும்பமாக வாடகை வேனில் முன்னேஸ்வரம் போனார்கள். கோயில் வாசலில் வேன் ஒழுங்காக நின்றது. அழகர் இறங்கி, பழக்க தோஷத்தில் இரண்டு எட்டு ஓடி, பூ விற்கிற பெண்ணின் தட்டோடு தட்டாக விழுந்து எழுந்தார். அர்ச்சனைக்கு வாங்க வேண்டிய பூவெல்லாம் அவர் தலையில் இருந்ததாக மனைவி நிஷாந்தி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்க ஒரு முறை இருக்கிறது. முகம் பஸ் போகிற பக்கம் பார்க்க வேண்டும். இடது கால் முதலில். கால் தரையில் பட்டதும் நின்றுவிடக் கூடாது, பஸ்ஸோடு சேர்ந்து இரண்டு எட்டு ஓட வேண்டும். நின்றால் மூக்கு தாரில். அழகர் அந்த இரண்டாவது எட்டு முடிவதற்குள் பஸ்ஸின் தகரத்தில் உள்ளங்கையால் 'டப் டப்' என்று தட்டியும் முடித்திருப்பார். ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் போ. டிரைவர் பீற்றருக்கு அதைத் தவிர வேறு பாஷை தேவையில்லை. கண்ணாடியில் பின்னால் பார்க்கிற வழக்கமே அவருக்குக் கிடையாது. 'ஹரி, யமு', அதாவது 'சரி, போகலாம்' என்று சிங்களத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் ஏறாது. இரண்டு தட்டுக் கேட்டால் மட்டும் கால் தானாக அமுக்கும். கொள்ளுப்பிட்டியில் யாரோ ஓர் அம்மா குடையால் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டியதற்கு அழகரை வீதியில் விட்டுவிட்டு பம்பலப்பிட்டி வரை போன மனிதர்.

அழகரின் அப்பா நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து இறங்கி, கொட்டாஞ்சேனையில் மூட்டை ஏற்றும் வேலைக்கு வந்தவர். அழகர் பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான். இருபத்தேழு வயதில் புட்போர்டில் ஏறினார். முதல் நாளே, பாடசாலைப் பிள்ளைகள் வரிசையாகப் பார்த்துக்கொண்டு நிற்க, குப்புற விழுந்தார். அன்றைக்குப் பிறகு ஓடுகிற பஸ்ஸிலிருந்து விழவில்லை.

விழவில்லை என்பது நிஷாந்திக்குப் போதுமானதாக இல்லை. வெள்ளவத்தையில் ஒரு சேலைக் கடையில் சேலைக்கு ஓரம் தைப்பது அவள் வேலை. இருபது வருடமாகத் தினமும், காலி நகருக்குப் போகிற அதே காலி வீதியில் போய் வருகிறாள். ஒரு நாள்கூடப் புருஷனின் பஸ்ஸில் ஏறியதில்லை. அவர் தொங்குவதைக் கண்ணால் பார்த்தால் நெஞ்சு அடைக்கிறதாம். அவளுடைய அண்ணன் லோகேஸ்வரன் கொம்பனித்தெருவில் எழும்பியிருக்கும் அடுக்குமாடி ஒன்றில் காவல்காரர்களுக்கு மேலாள். "மச்சானுக்கு ஒரு நாற்காலி இருக்கு. மேல ஃபேன். வர்ற வாகனத்தோட நம்பர எழுதினாப் போதும்" என்று வருடம் ஒருமுறை சொல்லிக்கொண்டிருந்தவர், அழகருக்கு ஐம்பத்து மூன்று ஆனதும் வாரம் ஒருமுறை சொல்லத் தொடங்கினார். அழகரின் கனவில் அந்த நாற்காலி வந்தது. கனவிலும் அது எங்கேயும் போகவில்லை.

இந்த நிலைமையில்தான் ஷிப்லி வந்து சேர்ந்தான்.

தினமும் வெள்ளவத்தையில் ஏறுகிற பையன்தான், முப்பது வயது இருக்கும். ஒருநாள் பார்த்தால் போனைத் தூக்கி அழகரின் காலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.  பொலிசில் கொடுக்கப் போகிறான் என்றே அழகர் நினைத்தார்.

"தம்பி, எதுன்னாலும் நேர்ல சொல்லுங்க" என்றார்.

"கம்ப்ளெயின்ட் இல்ல அண்ணே. நாங்க வீடியோ கேம் செய்ற ஆக்கள். உங்கட இறக்கம் எங்கட பூதத்துக்குத் தேவைப்படுது."

இருபத்தாறு வருடத்தில் அழகரிடம் பயணிகள் என்னென்னவோ கேட்டிருக்கிறார்கள். பூதத்துக்கு இறக்கம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

விஷயம் இதுதான். ஷிப்லியும் நதா என்ற பெண்ணும் இன்னும் இரண்டு பேரும் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் அறை எடுத்து கேம் ஒன்று செய்துகொண்டிருந்தார்கள். பெயர் 'பெட்டிப் பூதம்'. பெட்டிக்குள் அடைத்துக் கப்பலில் ஏற்றிய ஒரு குட்டிப் பூதம் அந்தக் காலத்து உலகக் கண்காட்சிகளில் போய் இறங்குகிறது. லண்டனின் கண்ணாடி மாளிகை, சிக்காகோவின் ராட்சத சக்கரம் என்று ஒவ்வொன்றாகத் தாண்டிக் குதித்து, வலப் பக்கமாகவே போய்க்கொண்டிருந்தால் கடைசியில் வீடு. முதல் கட்டம் ஆயிரத்துத் தொள்ளாயிரமாம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சி. அங்கே உண்மையாகவே ஒரு நடைபாதை ஓடிக்கொண்டிருந்ததாம். சனம் அதில் ஏறி நின்றால் பாதையே கொண்டுபோகும். அந்தப் பாதையிலிருந்து பூதம் இறங்க வேண்டும்.

"அப்ப பாரிஸ்காரன் நூறு வருசத்துக்கு முந்தியே புட்போர்ட் அடிச்சிருக்கான்" என்றார் அழகர். அவருக்கு அந்த ஊர்மேல் ஒரு மரியாதை வந்தது.

மேல்மாடிக்கு அழைத்துப்போய், அசைவைக் கணினியில் பதிய முழங்கால், குதிக்கால், தோள் எல்லாம் வெள்ளைப் பொட்டு ஒட்டினார்கள். மேசையில் ஏற்றிக் குதிக்கச் சொன்னார்கள். அழகர் மேசையில் நின்று கீழே பார்த்தார், மேலே பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"தம்பி, நிக்கிற மேசையிலருந்து எப்படி இறங்குறது? அது எங்கயும் போகலயே."

கீழே துணிக்கடையில் சேலைக்கட்டு தள்ளுகிற சில்லு வண்டியைக் கேட்டு வாங்கினார்கள். இரண்டு பேர் தள்ள, அழகர் ஏறி நின்று, அறை நீளத்துக்கு வந்து இறங்கினார். இரண்டு எட்டு ஓடினார். மூன்றாவது எட்டில் சுவர் இருந்தது. சுவரிலும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் நின்றார். நதா சிரித்து நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குப் பின்னேரம் திரையில் ஒரு சாம்பல் நிறக் குட்டிப் பூதம், தொப்பை குலுங்க, அழகர் இறங்குவது போலவே இறங்கி ஓடியது. அழகர் வாயைத் திறந்தவர் மூடவில்லை.

ஒரே ஒரு குறை கண்டுபிடித்தார். "பிள்ளை, இது சோத்துக்கைப் பக்கத்துக் கால வச்சு இறங்குதே."

"கேம்ல எல்லாம் வலப் பக்கம்தான் அண்ணே போகோணும். அதால படத்தைத் திருப்பிப் போட்டன்" என்றாள் நதா.

"சரி. அந்த ஊர்ல ரோட்டுக்கு அந்தப் பக்கமாத்தான ஓட்டுவான்" என்று பூதத்தை மன்னித்தார்.

பிறகு சோதனை. ஷிப்லியின் தங்கச்சி விளையாடினாள், அவளுடைய சிநேகிதிகள் விளையாடினார்கள், சாப்பிட றோல்ஸ் கொண்டுவந்த கடைக்காரர் எண்ணெய் விரலோடு விளையாடினார். கால் பட்டதும் எல்லோரும் பொத்தானை விடாமல் அழுத்தி, தம்பாட்டில் இரண்டு எட்டு ஓடவிட்டார்கள், பூதம் பத்திரமாக அடுத்த மண்டபத்துக்குப் போனது. 'முதல் கட்டம் மிகவும் சுலபம்' என்று நதா சுவரில் எழுதி ஒட்டினாள். அவ்வளவு பேரும் காலி வீதியில் பஸ் ஏறி இறங்குகிறவர்கள் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

ஜப்பானில் ஓர் உலகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. அங்கே சிறு கேம்களுக்கென்று ஒரு மண்டபத்தில் ஒரு கிழமைக்கு 'பெட்டிப் பூத'த்துக்கு மேசை கிடைத்தது. உலகக் கண்காட்சி பற்றிய கேம் உலகக் கண்காட்சிக்கே போகிறது என்று ஷிப்லி குதித்தான். அழகர் அதைவிட உயரமாகக் குதித்தார். கொட்டாஞ்சேனையில் தேநீர்க்கடை, சலூன், கோயில் வாசல் ஒன்று விடாமல் சொன்னார். பஸ்ஸில் ஏறியவர்களிடம் மிச்சத்தோடு சேர்த்துச் சொன்னார்.

நிஷாந்தி நிதானமானவள். "உங்க பூதம் அங்க தேறினா நீங்க பஸ்ஸிலயே இருங்க, நான் வாயத் திறக்க மாட்டேன். தேறலன்னா முதலாந்தேதி அண்ணன்கிட்ட போயிடணும்" என்றாள். அழகர் யோசிக்காமல் தலையாட்டினார். தேறாமல் போகும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. கனவில்தான் நாற்காலி இருந்ததே.

மண்டபத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு சிறு புத்தகம் வைத்திருப்பார்கள். ஒரு கேமில் முதல் கட்டத்தைத் தாண்டினால் அந்த மேசைக்காரர் புத்தகத்தில் ஒரு முத்திரை குத்துவார். முத்திரை சேர்ப்பதற்காகவே வருகிறவர்கள் ஆயிரம் பேர். ஷிப்லி ஓடி இறங்கும் பூதத்தைச் செதுக்கிய அழகான முத்திரை ஒன்றும், பிரிக்காத மைப்பெட்டி ஒன்றும் கொண்டுபோயிருந்தான்.

முதல் நாள் இருநூறு பேர் விளையாடினார்கள். ஒருவரும் தாண்டவில்லை. பூதம் ஓடும் பாதையிலிருந்து இறங்கும், கால் பட்டதும் விளையாடுகிறவர் மரியாதையாகப் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிடுவார், பூதம் குப்புற விழுந்து புகையாகப் போகும். இரண்டாம் நாள் மத்தியானத்துக்குள் 'அந்த மேசையில் முத்திரை கிடைக்காது' என்று கதை பரவி, கூட்டம் அடுத்த மேசைக்குப் போய்விட்டது. மைப்பெட்டியின் கடதாசி அப்படியே இருந்தது.

அன்று பின்னேரம் வெள்ளவத்தைச் சந்தை பஸ் தரிப்பில், ஊரிலேயே நின்றுவிட்ட நதா அழகருக்காகக் காத்து நின்றாள். முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது.

"அண்ணே, கோவிக்க வேணாம். உங்கட ரெண்டு எட்டுத்தான் பிரச்சினை. அங்க ஒத்தருக்கும் அது ஏலா. நாளைக்குப் பகலைக்குள்ள அதை எடுத்துட்டு, பூதம் இறங்கினா இறங்கின இடத்திலயே நிக்கிற மாதிரி மாத்திப் போடச் சொல்றான் ஷிப்லி."

"மூட்டை மாதிரியா?" என்றார் அழகர்.



பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. அழகர் ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டார். தொற்றியதும் திரும்பி, "காலைல ஏழரைக்கு இதே இடத்துல போனோட நில்லுங்க. அந்த ஆளுங்களுக்கு நானே இறங்கிக் காட்டுறேன். அதுக்குப் பிறகு எடுக்கிறதுன்னா எடுங்க" என்று கத்தினார். குரல் மட்டும் தைரியமாக இருந்தது. நெஞ்சுக்குள் உலகக் கண்காட்சி இழுத்து மூடியாயிற்று.

வீட்டில் ரொட்டியும் கட்டச் சம்பலும். அழகர் ரொட்டியைப் பிய்த்தாரே தவிர வாயில் வைக்கவில்லை. நடந்ததைச் சொன்னார். நாற்காலியைப் பற்றி நிஷாந்தி ஏதாவது சொல்வாள் என்று பார்த்தார். அவள் அவர் பிய்த்த ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். முதலாந்தேதியை உறுதிப்படுத்தப் போகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை புறப்படும்போது ஓர் அதிசயம் நடந்தது. கொட்டாஞ்சேனைத் தரிப்பில் நிஷாந்தி குடையும் சாப்பாட்டுப் பையுமாக வந்து அழகரின் பஸ்ஸில் ஏறினாள். இருபது வருடத்தில் முதல் தடவை. நேரே போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பீற்றர் திரும்பிப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

ஏழரைக்கு வெள்ளவத்தை வந்தாயிற்று. நதா நடைபாதையில் போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அங்கே ஜப்பானில் பதினொரு மணி. ஷிப்லி கேமை நிறுத்திவிட்டு மேசைத் திரையில் காலி வீதியைப் போட்டிருந்தான். எல்லாம் தயார், ஒன்றைத் தவிர. பஸ் நகரவில்லை. முன்னால் முச்சக்கர வண்டி, அதற்கு முன்னால் பால் லொறி, அதற்கு முன்னால் கடவுளுக்குத்தான் தெரியும். நிற்கிற பஸ்ஸின் புட்போர்டில், இறங்கத் தெரியாமல், அழகர் கம்பியைப் பிடித்தபடி ஒன்பது நிமிடம் ஜப்பானைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். வியர்வை வழிந்தது. ஹோர்ன் சத்தம் அந்த மண்டபத்தையே நிறைத்ததாம். இது என்ன கேம் என்று ஆட்கள் வந்து கூடினார்கள்.

அப்போதுதான் பக்கத்தில் அதே பாதையில் ஓடும் இன்னொரு பஸ் மூக்கை நுழைத்தது. பீற்றருக்கு அது போதும். எங்கிருந்து இடம் கிடைத்ததோ, வண்டி உறுமிக்கொண்டு புறப்பட்டது. தரிப்பு நெருங்க அழகர் இறங்கினார். இடது கால், இரண்டு எட்டு, தகரத்தில் ஒரு தட்டு. அவர் வாழ்நாளிலேயே அழகாக இறங்கியது அன்றைக்குத்தான்.

போனுக்குள் கைதட்டல் கேட்டது. ஷிப்லியின் குரல் மட்டும் சோர்ந்திருந்தது. "எல்லாரும் தட்டுறாங்க அண்ணே. உங்களை சர்க்கஸ்காரர் எண்டு நினைக்கிறாங்க. ஒத்தரும் பட்டனைத் தொடல்ல."

அழகருக்கு முகம் செத்துப்போயிற்று. ஆனால் பஸ் இன்னும் முழுதாக நிற்கவில்லை, பின்னால் வருகிறவனுக்கு இடம் விடக் கூடாது என்று பீற்றர் உருட்டிக்கொண்டே இருந்தார், வெள்ளவத்தைச் சனமோ வேலைக்கு நேரமாகிற சனம். கழுத்துப்பட்டி கட்டிய வங்கிக்காரர் இறங்கினார், இரண்டு எட்டு. கையில் முப்பது முட்டை அடுக்கிய தட்டோடு ஒருவர் இறங்கினார், இரண்டு எட்டு, ஒரு முட்டையும் அசையவில்லை. உயர்ந்த குதிக்கால் செருப்போடு ஓர் ஆசிரியை, போனில் யாரையோ திட்டிக்கொண்டே, இரண்டு எட்டு. கடைசியாக நிஷாந்தி. சேலைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கி, குடையையும் சாப்பாட்டுப் பையையும் மறுகையில் பிடித்து, முகம் பஸ் போகிற பக்கம், இடது கால், இரண்டு எட்டு. இருபது வருடமாகத் தினமும் அவள் அப்படித்தான் இறங்குகிறாள் என்பதை அவளும் நினைத்துப் பார்த்ததில்லை, அவரும் பார்த்ததில்லை.

அழகர் அசந்து நின்றார். தன்னுடைய இறக்கம், தன்னுடைய இறக்கம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாரே, அது ஊர் முழுக்கவே இருந்திருக்கிறது. அவருக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அதைவிடப் பல மடங்கு சந்தோஷமாக இருந்தது.

"அண்ணே, பொறுங்க, பொறுங்க" என்றான் ஷிப்லி போனுக்குள். "இங்க ஒரு பொம்பிளை எழும்பிட்டா. பையைத் தோளில போட்டுட்டுக் கம்பளத்தில ரெண்டு எட்டு ஓடிப் பார்க்கிறா. உங்கட வைஃப் மாதிரியே. இன்னொருத்தரும் ஓடுறார். அல்லாஹ், எல்லாரும் ஓடுறாங்க."

பஸ் இருபது அடி தள்ளி நின்றிருந்தது. பீற்றர் தலையை நீட்டி, "மச்சான், ஜப்பானுக்கு டிக்கெட் போட்டது போதும், ஏறு" என்றார். அழகர் நதாவின் போனை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். "நீயும் பாரு பீற்றர்" என்று போனை டிரைவருக்கு முன்னால் ஒட்டியிருந்த அந்தோனியார் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு, நிஷாந்தியிடம் ஒரு வார்த்தை சொல்லத் திரும்ப இறங்கினார். நின்ற பஸ்தான். தடுமாறி, வெற்றிலைக் கடைப் பலகையைப் பிடித்துத் தப்பினார்.

அங்கே அந்தப் பெண் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினாள். பூதம் ஓடும் பாதையிலிருந்து இறங்கியது. அவள் விரலை எடுக்கவில்லை. ஓர் எட்டு, இரண்டு எட்டு, அடுத்த மண்டபம். ஷிப்லி மைப்பெட்டியின் கடதாசியைக் கிழித்து, அவளுடைய புத்தகத்தில் முத்திரையை ஓங்கிக் குத்தினான். புது மை, சரியாகப் பதியவில்லை. இன்னொரு தடவை குத்தினான்.

டப் டப்.

அந்தோனியாருக்குப் பக்கத்திலிருந்து கேட்ட சத்தம் பீற்றரின் காதில் விழுந்தது. கால் தானாக அமுக்கியது. பஸ் புறப்பட்டுவிட்டது.

"என்ட போன்" என்று நதா அலறினாள்.

அழகர் ஓட்டம் பிடித்தார். நிஷாந்தியைத் தாண்டும்போது, ஓடிக்கொண்டே, மூச்சு வாங்க, "லோகேசுகிட்ட சொல்லிடு" என்றார்.

"நேத்தே சொல்லிட்டேன்" என்றாள் நிஷாந்தி. "அவரு வரமாட்டாரு, நாற்காலிய வேற யாருக்காச்சும் குடுங்கன்னு. நீங்க ஓடுங்க."

நேற்று. ஒரு முத்திரையும் விழாத நேரம், ரொட்டி ஆறிக்கொண்டிருந்த நேரம்.  அழகருக்குக் கண் மங்கியது. கம்பி எங்கே இருக்கும் என்று கைக்குத் தெரியும், ஆகவே கண் தேவைப்படவில்லை. தாவி ஏறினார். போனுக்குள் ஜப்பான்காரர்கள் கைதட்டுவது பஸ் முழுக்கக் கேட்டது. முன்னால் அந்தப் போட்டி பஸ் தெரிந்தது. அழகர் முகத்தைத் துடைத்துக்கொண்டு தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார்.